போலோவின் பின்பக்க ஷாக் அப்சார்பர்களை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

எழுதியவர்: உடுமலைப் பயணி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2012-இல் வாங்கிய ஃபோக்ஸ்வேகன் போலோ பெட்ரோல் வண்டி இருக்கிறது. இதுவரை 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரந்தோறும் அப்பாவையும் அம்மாவையும் பின்னிருக்கையில் அமர்த்திக் கோவையிலிருந்து பொள்ளாச்சி வழியாக உடுமலைக்குப் போய் வருகிறேன். இரண்டு மாதங்களாக, வேகத்தடையைத் தாண்டியதும் வண்டியின் பின்பகுதி ஒரே மூச்சில் அடங்காமல், இரண்டு மூன்று முறை ஊஞ்சல்போல ஆடிய பிறகே நிற்கிறது. பாலத்தின் இணைப்புகளில் சற்று வேகமாக ஏறி இறங்கினால் பின்பக்கம் விலகிப் போவதுபோன்ற உணர்வும் ஏற்படுகிறது. சென்ற வாரம் அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்துவிட்டதால், கிணத்துக்கடவில் வண்டியை ஓரங்கட்டிக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து டார்ச் விளக்கடித்துப் பார்த்தேன். இடப்பக்க ஷாக் அப்சார்பரின் மேல்பாதியிலிருந்து அடிவரை எண்ணெய் வழிந்து, அதன்மேல் புழுதி ஒட்டிக் கருஞ்சேறுபோலப் படிந்திருந்தது. வலப்பக்கம் உலர்ந்தே இருக்கிறது. இவ்வளவு தூரம் ஓடிய வண்டியில் இது இயல்பான தேய்மானம் என்றே எண்ணுகிறேன். அருகிலுள்ள ஒரு பணிமனையில் காட்டியபோது, இரண்டு ஷாக்குகளோடு இரண்டு சுருள்வில்களையும் மாற்றி, நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணச் சீரமைப்பு) பார்க்க வேண்டும் என்றார்கள். வில் எதற்காக என்று கேட்டதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை.

என்னிடம் ஒரு ட்ராலி ஜாக்கி, இரண்டு டன் தாங்கும் ஸ்டாண்டுகள் இரண்டு, சாக்கெட் பெட்டி, போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சு ஆகியவை உள்ளன. எண்ணெய் மாற்றுவதும் பிரேக் பேடு மாற்றுவதும் நானே செய்பவைதான். சஸ்பென்ஷனில் மட்டும் இதுவரை கைவைத்ததில்லை. வில்லை அமுக்கும் கருவி இல்லாமல் இந்த வேலையைச் செய்யலாமா, ஒழுகும் ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா, அலைன்மென்ட் உண்மையிலேயே தேவைப்படுமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி: டெப்போ மெக்கானிக்

தம்பிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகனுடைய போலோவுக்கு இதே வேலையை வீட்டு வாசலில் செய்திருக்கிறேன். உங்கள் கைப்பழக்கத்துக்கு இது தாராளமாக முடியக்கூடியது.

முதலில் வில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் பயப்படுவது அதற்காகத்தான். முன்பக்கத்தில் ஷாக்கும் சுருள்வில்லும் ஒரே கூட்டாக, ஸ்ட்ரட் என்ற அமைப்பில் இருக்கின்றன. அங்கே மேல்நட்டைக் கழற்றும் முன் வில்லை அமுக்கிப் பிடிக்காவிட்டால் அது வெடித்துச் சிதறி ஆளையே கொன்றுவிடும். உங்கள் வண்டியின் பின்பக்கத்தில் இருப்பது முறுக்கு அச்சு: இரண்டு பின்சக்கரங்களையும் தாங்கும் கைகள் ஒரு குறுக்குத் தண்டால் இணைக்கப்பட்டிருக்கும், வில் தனியாக ஓரிடத்திலும் ஷாக் தனியாக வேறோரிடத்திலும் நிற்கும். ஷாக்கைக் கழற்றும்போது வில்லைத் தொடவே வேண்டியதில்லை, அமுக்கும் கருவியும் தேவையில்லை.

வண்டியின் எடையைத் தாங்குவது வில். வில்லின் துள்ளலை அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. குழாய்க்குள் இருக்கும் எண்ணெயைப் பிஸ்டனில் உள்ள சிறு துளைகளும் வால்வுகளும் தடுத்துத் தடுத்து விடுவதால், துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் போய்விடுகிறது. ஆகவே ஷாக் எவ்வளவு கெட்டுப்போனாலும் வண்டியின் உயரம் பெரிதாகக் குறையாது. சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே சக்கர வளைவின் விளிம்பு வரை இருபுறமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்திருந்து, வில்லில் முறிவும் இல்லையென்றால் வில்லை மாற்ற எந்தக் காரணமும் இல்லை. அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையின் கடைசியில் அது மிகவும் தேவைப்படும்.

ஷாக்கை மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். வலப்பக்கம் ஒழுகவில்லை என்றாலும் அதன் வால்வுகளும் அதே 96,000 கிலோமீட்டரைப் பார்த்தவைதான். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால், வளைவிலும் திடீர் பிரேக்கிலும் பின்பகுதி ஒரேபோல நடந்துகொள்ளாது. அலைன்மென்டைப் பொறுத்தவரை, இந்த அமைப்பில் சக்கரத்தின் கோணத்தை நிர்ணயிப்பது அச்சே அன்றி ஷாக் அல்ல என்பதால், இந்த வேலைக்காக அது தேவைப்படாது. டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் பார்த்துக்கொள்ளலாம், அது தனி விஷயம்.

இனி வேலைக்கு வருவோம். வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முதல் கியரில் போட்டுவிடுங்கள். கைப்பிரேக்கை நம்பிவிடாதீர்கள்: அது பிடிப்பது பின்சக்கரங்களை, அவையோ அந்தரத்தில் இருக்கப் போகின்றன. சக்கர போல்ட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திக்கொண்டு, பின்பகுதியைத் தூக்கி, பக்கவாட்டு அடிவிளிம்பில் குறிக்கப்பட்ட இடங்களில் இரண்டு ஸ்டாண்டுகளையும் கொடுத்து, ஜாக்கியை மெல்ல இறக்கி எடை அவற்றின்மேல் முழுதாக அமர்ந்ததா என்று வண்டியை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். கழற்றிய சக்கரங்களை அடிவிளிம்புக்குக் கீழே படுக்கப் போட்டு வைப்பது என் வழக்கம். ஸ்டாண்டு நழுவினாலும் வண்டி சக்கரத்தின்மேல்தான் விழும்.

அடுத்தது மிகவும் கவனிக்க வேண்டிய இடம். சக்கரம் கீழே தொங்கும்போது அது எவ்வளவு இறங்கலாம் என்ற எல்லையையும் ஷாக்தான் பிடித்து வைத்திருக்கிறது. கீழ்போல்ட்டை உருவியதும் அந்தப் பிடிப்பு போய்விடும்; அச்சு சட்டெனக் கீழே சரிந்து பிரேக் குழாயை இழுக்கும், வில்லும் இருப்பிடத்திலிருந்து விலகும். ஆகையால் ட்ராலி ஜாக்கியை வில் அமர்ந்திருக்கும் தட்டுக்கு அடியில், இடையில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கொடுத்து, அச்சின் கை சற்றே மேலெழும் அளவுக்கு ஏற்றுங்கள். அதன் பிறகே கீழ்போல்ட்டைத் தொட வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்துக்குப் போங்கள். இரண்டு ஷாக்குகளையும் ஒரே நேரத்தில் கழற்றி வைக்கவே கூடாது.

போலோவில் மேல்பகுதி சக்கரக் கூட்டுக்குள்ளேயே இரண்டு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். டிக்கிக்குள் எதையும் பிரிக்க வேண்டியதில்லை. உட்புறப் பிளாஸ்டிக் உறை மறைத்தால் அதை மட்டும் நீக்கிக்கொள்ளுங்கள். புதிய ஷாக்கை ஏற்றும்போது மேல்பக்கத்தை முதலில் மாட்டி, பிறகு ஜாக்கியால் அச்சின் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக் கீழ்க்கண்ணின் (ஷாக்கின் அடிமுனையிலுள்ள வளையம்) துளையை நேர்ப்படுத்தினால் போல்ட் தானாக உள்ளே போகும். சுத்தியலால் அடித்து ஏற்ற நேர்ந்தால் துளை நேர்ப்படவில்லை என்று பொருள். மறுபடியும் ஜாக்கியைத்தான் சரிசெய்ய வேண்டும்.


மறுமொழி: நாகைக் கடற்கரை

ஐயா சொன்னவை அனைத்தும் சரி. அவர் கடைசியில் தேவைப்படும் என்று குறிப்பிட்ட அந்த அளவைப் பற்றி நான் எழுத வேண்டும், ஏனென்றால் அது தெரியாமல் நான் ஒரு ஜோடிப் புதிய ஷாக்குகளையே கெடுத்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், என்னுடைய பழைய வண்டியில் பின்ஷாக்குகளை மாற்றியபோது, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கையிலேயே கீழ்போல்ட்டுகளை முழு இறுக்கத்தில் முறுக்கிவிட்டு வண்டியை இறக்கினேன். ஓட்டிப் பார்த்தால் புது வண்டிபோல இருந்தது, மனநிறைவோடு கருவிகளைக் கழுவி வைத்தேன். ஐந்தாறு மாதத்தில் மேடு பள்ளங்களில் பழைய கட்டில்போல ஒரு கிறீச்சிடும் ஓசை தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது, கீழ்க்கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் வளையமான புஷ், உள்ளிருக்கும் இரும்புக் குழலைச் சுற்றி அரைவட்டமாகக் கிழிந்திருந்தது. விரல் நகத்தை அந்தக் கிழிசலுக்குள் விட முடிந்தது. எண்ணெய் ஒரு சொட்டுக்கூட ஒழுகாத ஷாக்கைப் புஷ்ஷுக்காகத் தூக்கி எறிய நேர்ந்தது.

காரணம் பிறகுதான் விளங்கியது. போல்ட்டை இறுக்கியதும் புஷ்ஷின் உள்குழல் அச்சோடு ஒன்றிப் பூட்டப்பட்டுவிடுகிறது. அதன் வெளிவிளிம்பு ஷாக்கோடு ஒட்டியிருக்கிறது. இடையில் இருக்கும் ரப்பர், எந்த நிலையில் இறுக்கினோமோ அதையே தன் ஓய்வுநிலையாகக் கொள்கிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் ரப்பர் முறுக்கப்பட்டே இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் இன்னும் முறுகும். வண்டி நிற்கும் உயரத்தில் இறுக்கினால் ரப்பர் இருபுறமும் சிறிதளவு மட்டுமே முறுகித் திரும்பும்.

ஆகவே போல்ட்டுகளைக் கையால் நட்டு ஒட்டும் அளவுக்கு மட்டும் முடுக்கிவிட்டு, ஜாக்கியால் அச்சின் கையை ஏற்றி, சக்கர நடுப்புள்ளிக்கும் வளைவின் விளிம்புக்கும் இடையே முதலில் குறித்து வைத்த அதே அளவு வரும்வரை உயர்த்துங்கள். டார்க் ரெஞ்சை அப்போதுதான் எடுக்க வேண்டும். அந்த நிலையில் அந்த மூலையின் எடை ஏறத்தாழ முழுவதும் ஸ்டாண்டிலிருந்து ஜாக்கிக்கு மாறியிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். உடலின் எந்தப் பகுதியும் வண்டிக்கு அடியில் போகாமல், சக்கரக் கூட்டின் வெளியிலிருந்து கைநீட்டி இறுக்குங்கள். வண்டியின் உடல் ஸ்டாண்டைவிட்டு எழுவதுபோலத் தெரிந்தால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

கோவையில் துருத் தொல்லை குறைவாக இருக்கலாம். எங்கள் ஊரில் உப்புக்காற்று பட்ட போல்ட் குழலோடு சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும். எங்கே ஓடிய வண்டியாக இருந்தாலும் முந்தைய நாள் மாலையே மரைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருநீக்கி எண்ணெயைத் தெளித்து, இரவு முழுவதும் ஊற விடுவது நல்லது. நீளமான கைப்பிடியால் மெதுவாக அழுத்தி, முதல் 'டிக்' ஓசை கேட்டதும் சற்றே திரும்ப முறுக்கி, மறுபடி எண்ணெய் விட்டு எடுத்தால் போல்ட் முறியாமல் வரும்.


மறுமொழி: உடுமலைப் பயணி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு பக்கமும் அளந்தேன்: 38 சென்டிமீட்டர், வேறுபாடு இல்லை. வில்களிலும் முறிவு ஏதும் தென்படவில்லை. ஆகவே வில் வேண்டாம் என்று முடிவு செய்து, ஷாக்குகள், அவற்றை மேலே வண்டியோடு பிடிக்கும் மேல் தாங்கிகள், ஷாக் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர், தூசு உறை, புதிய போல்ட்டுகள் ஆகியவற்றை மட்டும் வாங்கினேன்.

இன்று காலை இடப்பக்கத்தைக் கழற்றிவிட்டேன். இப்போது அது மேசைமேல் இருக்கிறது. புதிய தாங்கி ஒன்று ஷாக்கின் பிஸ்டன் தண்டின் அளவுக்குச் சரியாகப் பொருந்தாததால், பழையதையே கழற்றிப் புதிய ஷாக்கில் மாட்டலாம் என்று நினைக்கிறேன். ஆனால் நட்டைத் திருப்பினால் பிஸ்டன் தண்டும் சேர்ந்தே சுற்றுகிறது. தண்டை வைஸ் கிரிப்பால் (பூட்டிக்கொள்ளும் இடுக்கி) பிடித்துக்கொள்ளலாமா? காற்றடைத்த ஷாக், எண்ணெய் மட்டும் உள்ள ஷாக் என்று கடையில் இரண்டு வகை காட்டினார்கள். நான் காற்றடைத்ததை வாங்கியது சரிதானா என்பதையும் கூறுங்கள்.


மறுமொழி: கிரீஸ் கை

வைஸ் கிரிப்பைக் கீழே வைத்துவிடுங்கள். பழைய தண்டில் என்ன கீறல் விழுந்தாலும் கவலையில்லை, ஆனால் அந்தப் பழக்கத்தோடு புதியதற்கும் அதே கருவியை எடுத்தால் முடிந்தது. அந்தத் தண்டு கண்ணாடிபோலப் பளபளப்பது அழகுக்காக அன்று. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அது எண்ணெயை அடைத்து வைக்கும் ஒரு ரப்பர் சீலின் உதடுகளுக்கு இடையே நழுவிப் போய் வருகிறது. இடுக்கியின் பல் பதிந்த ஒரு சிறு பிசிறு போதும்; ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அது சீலை அரத்தால் அராவுவதுபோல அராவி, சில வாரங்களிலேயே எண்ணெயை வெளியே கொண்டுவந்துவிடும்.

தண்டின் நுனியை உற்றுப் பாருங்கள். பிடித்துக்கொள்வதற்கென்றே அங்கே பட்டையாகச் சீவிய பகுதியோ அறுகோணக் குழியோ இருக்கும். அதைச் சிறு ஸ்பேனராலோ ஆலன் சாவியாலோ அசையாமல் பிடித்துக்கொண்டு, வளைந்த ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். புதிய ஷாக்கிலும் அதே முறைதான். பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள். அதன் பூட்டும் தன்மை ஒருமுறைக்குத்தான். தாங்கி பொருந்தவில்லை என்பதைத்தான் நான் இன்னும் யோசிக்கிறேன்: தண்டின் விட்டம் வேறு என்றால் ஷாக்கே வேறு மாதிரிக்கானதாக இருக்கலாம். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, முழுதாக நீட்டிய நீளம், கீழ்க்கண்ணின் அகலம், போல்ட் துளை ஆகியவற்றை அளந்து ஒப்பிட்ட பிறகே மாட்டுங்கள்.

காற்றடைத்ததை வாங்கியது சரியே. எண்ணெய் வேகமாக முன்னும் பின்னும் ஓடும்போது அதில் நுரை பொங்குகிறது. நுரையை வால்வு தடுக்க முடியாது, ஆகவே நீண்ட மோசமான சாலையில் எண்ணெய் ஷாக் போகப்போகத் தளர்ந்துவிடும். நைட்ரஜன் அழுத்தம் அந்த நுரையை அடக்குகிறது. கட்டியிருக்கும் பட்டையை வெட்டியதும் தண்டு தானாக மெல்ல நீளும், அச்சப்பட வேண்டாம். இரட்டைக் குழாய் வகையாக இருந்தால், படுக்கையில் கிடந்த ஷாக்கினுள் காற்று தவறான அறைக்குப் போயிருக்கும். மாட்டும் முன் அதை வண்டியில் நிற்கும் நிலையிலேயே செங்குத்தாகப் பிடித்து, நான்கைந்து முறை முழுவதும் அமுக்கி நீளவிடுங்கள். முதல் இரண்டு முறை நடுவில் ஒரு வெற்றிடம் தட்டுப்படும். பிறகு ஒரே சீராக வரும்.

இன்னொன்று, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. எல்லா வண்டிக்கும் போலோவின் அமைப்பு கிடையாது. ஹோண்டா ஜாஸ் போன்ற வண்டிகளில் மேல்நட்டு டிக்கியின் பக்கவாட்டு உறைக்குப் பின்னால் இருக்கும். சில வண்டிகளில் பின்பக்கத்திலும் வில் ஷாக்கைச் சுற்றியே அமைந்திருக்கும். அங்கே முதல் மறுமொழியில் சொன்ன முன்சக்கர எச்சரிக்கை அப்படியே பொருந்தும். உங்கள் வண்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.


மறுமொழி: உடுமலைப் பயணி

நீங்கள் சொன்னபடி ஒப்பிட்டுப் பார்த்தது நல்லதாயிற்று. ஷாக் சரியானதுதான், தாங்கிதான் வேறொரு மாதிரிக்கானது. கடைக்காரர் மறுப்பின்றி மாற்றிக் கொடுத்தார். தண்டின் நுனியில் ஆலன் குழி இருந்தது; எண்ணெய்ப் புழுதி அதை முற்றிலும் அடைத்திருந்ததால் காலையில் என் கண்ணில் படவில்லை. ஓர் ஊசியால் சுரண்டியபோது வெளிப்பட்டது.

பழைய இடப்பக்க ஷாக்கைக் கையால் அமுக்கினேன்: எந்த எதிர்ப்பும் இல்லாமல் போய், உள்ளேயே தங்கிவிட்டது. உலர்ந்திருந்த வலப்பக்கத்தைக் கழற்றி அமுக்கியபோது, பாதி தூரம் வெறுமையாகவும் அதன் பிறகே இறுக்கமாகவும் போயிற்று. ஐயா சொன்னபடி இரண்டையும் மாற்றியது எவ்வளவு சரி என்பதைக் கையே உணர்த்திவிட்டது. பம்ப் ஸ்டாப் ரப்பர் இரண்டுமே விரல் பட்டதும் காய்ந்த ரொட்டிபோல உதிர்ந்தன.

இரண்டு பக்கமும் 38 சென்டிமீட்டர் வரும்வரை ஏற்றி, வண்டிக்கு வெளியே அமர்ந்து, என் மாதிரியின் பணிமனைக் கையேட்டில் உள்ள அளவுக்குப் போல்ட்டுகளை இறுக்கினேன். முதல் பக்கத்துக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று, இரண்டாவதை ஐம்பது நிமிடத்தில் முடித்தேன். நாளை உடுமலைக்குப் போகிறோம்.


மறுமொழி: டெப்போ மெக்கானிக்

மிக்க மகிழ்ச்சி தம்பி. சக்கர போல்ட்டுகளை வண்டி தரையில் இறங்கிய பிறகு நட்சத்திர வரிசையில் (ஒன்றுவிட்டு ஒன்றாக) 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உடுமலை போய் வந்த பிறகு அவற்றையும், ஷாக்கின் கீழ்போல்ட்டுகளையும் மறுபடியும் சரிபாருங்கள். சக்கரக் கூட்டின் பிளாஸ்டிக் உறையின் விளிம்பு டயரில் உரசுகிறதா என்பதையும் அப்போதே கவனியுங்கள்.

பழைய ஷாக்குகளில் இன்னும் அழுத்தம் இருக்கக்கூடும். அவற்றை அறுப்பதோ துளையிடுவதோ நெருப்பில் போடுவதோ வேண்டாம். பழைய இரும்புக் கடையில் கொடுக்கும்போது உள்ளே எண்ணெயும் அழுத்தமும் உள்ளன என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்; அங்கே வேலை செய்யும் பையன்கள் வெல்டிங் தீயை வைத்துவிடுவார்கள்.


மறுமொழி: உடுமலைப் பயணி

போல்ட்டுகளைச் சரிபார்த்துவிட்டேன் ஐயா, எல்லாம் இறுக்கமாக உள்ளன. உறையும் உரசவில்லை. பழையவற்றின்மேல் 'எண்ணெய், அழுத்தம் உள்ளது, வெட்டாதீர்கள்' என்று வெள்ளைப் பெயின்டால் எழுதியே இரும்புக் கடையில் கொடுத்தேன். கிணத்துக்கடவு தாண்டும்போது அம்மா உறங்கிக்கொண்டிருந்தார்.